நாலாயிரம் றியால்

கல்முனை பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், மக்காவுக்குப் போகும் உம்றாப் பயணங்களை ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. படியேறிப் போனதும் முதலில் கண்ணில் படுவது நதீராவின் மேசை. சாய்ந்தமருதுக்காரி. வயது முப்பத்தொன்பது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தாள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே கல்யாணம் முடிந்தது. கணவர் றிஸ்மி சவூதியில், தம்மாமில் தண்ணீர் லொறி ஓட்டுகிறார்.

றியால் என்ற காசை அவள் முதலில் அறிந்தது கணவர் மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வழியாகத்தான். அவர் அனுப்பியது எப்போதும் ஒரே தொகை. வங்கியில் கைக்கு வந்ததோ ஒவ்வொரு மாதமும் வேறு தொகை. மற்றப் பெண்கள் தொகை கூடினால் சந்தோஷப்பட்டார்கள், குறைந்தால் வங்கியைத் திட்டினார்கள். நதீரா ஏன் என்று கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், 2018இல், றாஸிக் ஹாஜியாரின் அந்த அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் மக்காவுக்குப் பணம் அனுப்பும் வேலையும் அவளிடம் வந்துவிட்டது. வந்த கையோடு ஒரு பெரிய பிழையும் விட்டாள்.

பதினெட்டுப் பேர் கொண்ட குழு. ஆளுக்கு நாலாயிரம் றியால் செலவு. வங்கியின் விலைப் பலகையில் றியால் நாற்பத்தாறு ரூபாய் என்று பார்த்து, அந்தக் கணக்கிலேயே எல்லோரிடமும் பணம் வாங்கிவிட்டாள். அனுப்பப் போன அன்று வங்கியில் நாற்பத்தேழு ரூபாய் எண்பது சதம் கேட்டார்கள். பணம் அனுப்பும் பகுதியில் இருந்த விதுஷா, பாண்டிருப்புப் பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"அக்கா, நீங்க பார்த்தது நாங்க வாங்கிற விலை. உங்கட வீட்டுக்காரர் அனுப்பிற றியால நாங்க நாப்பத்தாறுக்கு வாங்குறம். நீங்க மக்காவுக்கு அனுப்ப வந்தா, நாங்க உங்களுக்கு றியால விக்கிறம். அது வேற விலை."

"ஒரே றியால்தானே தங்கச்சி?"

"உங்கட கீழ் மாடித் துணிக்கடைக்காரர் வாங்கின விலைக்கேவா விக்கிறார்?"

நதீராவுக்குச் சிரிப்பு வந்தது. கிட்டத்தட்ட ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் நட்டம். நேரே அலுவலகத்துக்கு வந்து ஹாஜியாரிடம் சொன்னாள்.

"பிழை என்ட, ஹாஜியார். என்ட சம்பளத்துல வெட்டுங்க."

றாஸிக் ஹாஜியார் குரல் உயர்த்திப் பேசும் மனிதர். அன்று உயர்த்தவில்லை. "வெட்டினா நீ வேலைய விட்டுப் போயிருவாய். இந்தப் பாடத்துக்குச் சல்லி கட்டினது நான். பிறகு படிச்சவள எப்பிடி விடுறது? போய் வேலையப் பாரு, புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் குழப்பிக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலை இரண்டு விலையையும் பார்ப்பது. பணம் போகும் வழியில் இடையிலுள்ள வங்கி ஒன்று கொஞ்சம் வெட்டிக்கொள்ளும் என்பதையும், அதையும் சேர்த்து அனுப்பாவிட்டால் ஹோட்டல்காரன் குறை சொல்வான் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

கொரோனாவால் மூடிக்கிடந்த உம்றா திறந்த பிறகு, 2021 டிசம்பரில், நோன்புப் பெருநாள் கழிந்து புறப்படுவதற்கு இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினொரு பேர் கல்முனை, மருதமுனைப் பக்கத்து வியாபாரிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும். அவர்கள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்கள். மற்றப் பதினைந்து பேரும் இறக்காமத்து விவசாயக் குடும்பங்கள். அவர்களுடைய காசு வயலில் நின்றது. ஆளுக்கு ஐம்பதாயிரம் முற்பணம் தந்து, மிச்சத்தை மார்ச்சில் வெள்ளாமை வெட்டியதும் தருவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நாலாயிரம் றியால், றியால் ஐம்பத்தைந்து ரூபாய்ப்படி. அதற்கு மேல் அலுவலகத்துக்கு இருபதாயிரம். "இதுதான் முடிவு விலை, ஒரு சதம் கூடாது" என்று ஹாஜியார் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அந்த மாதங்களில் வங்கியில் றியாலின் விலை அசையவே இல்லை. ஹாஜியாருக்கு அது நிம்மதியாக இருந்தது. நதீராவுக்கு அதுதான் உறுத்தியது. அந்த டிசம்பர் முடியுமுன் ஒரு வெள்ளிக்கிழமை றிஸ்மி தொலைபேசியில் கதைக்கும்போது சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார்.

"இஞ்ச றூமில எல்லாரும் உண்டியல்காரனுக்கிட்டத்தான் குடுக்கிறானுகள். றியாலுக்கு அறுபத்தஞ்சு குடுக்கிறானாம். வங்கியில போடுறது நான் ஒருத்தன்தான்."

"நீங்க வங்கியிலயே போடுங்க" என்றாள். ஆனால் வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரன் தரும் அந்த அறுபத்தைந்து அவளை விடவில்லை. மறுநாள் ஹாஜியாரின் அறைக்குப் போனாள்.

"ஹாஜியார், கையில இரிக்கிற சல்லி எல்லாத்தையும் இப்பவே மக்காவுக்கு அனுப்பிருவம்."

"என்னத்துக்கு இப்ப? பயணம் மே மாசம். கொரோனா திரும்ப வந்து மூடினா? சல்லி அங்க மாட்டிக்கிரும்."

"மூடினா அடுத்த பயணத்துக்கு வச்சிக்கிறம் எண்டு ஹோட்டல்காரர் எழுதித் தந்திரிக்கார். ஹாஜியார், வெளியில ஒருத்தன் றியால அறுபத்தஞ்சுக்கு வாங்குறான் எண்டா, வங்கியிட அம்பத்தஞ்சு எவ்வளவு நாளைக்கு நிக்கும்? நாட்டுல டொலர் இல்லாமத்தான் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில நிக்கிறம். இல்லாத சாமானுட விலை ஏறாமயா இரிக்கும்?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். அவளுடைய பேச்சை முழுதாக நம்ப முடியவில்லை; மறுக்கவும் வழியில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார். விதுஷாவிடம் மூன்று தடவை போய், பற்றுச்சீட்டுகளும் ஒப்பந்தமும் காட்டி, பதினொரு பேருடைய முழுப் பணத்தையும் பதினைந்து பேருடைய முற்பணத்தையும் நதீரா அனுப்பிவைத்தாள். இறக்காமத்துக்காரர் ஒவ்வொருவரின் பெயரிலும் தொள்ளாயிரம் றியால் மக்காவில் சேர்ந்தது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, வங்கியின் விலை அசைந்தது. அசைந்தது என்பது சிறிய சொல். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் றியால் அறுபதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, எழுபத்தைந்தில் வந்து நின்றது. நிற்கும் என்று சொல்லவும் எவருமில்லை.

ஹாஜியார் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். "பதினஞ்சு பேருட மிச்சச் சல்லி இனித்தானே அனுப்பணும். ஆளுக்கு அறுபதாயிரத்துக்கு மேல கூடுது. முடிவு விலை எண்டு வேற சொல்லிட்டன். ஒண்டு செய்வம். கூடினத இருபத்தாறு பேருக்கும் சமனாப் பிரிச்சிருவம். எல்லாருக்கும் கொஞ்சம், ஒருத்தருக்கும் பாரமில்ல."

"அது நியாயமில்ல, ஹாஜியார்" என்றாள் நதீரா. "அந்தப் பதினொரு பேருட றியால் டிசம்பர்ல போயிட்டு. அவங்களுக்கு ஒரு சதமும் கூடல்ல. கூடாத ஒண்டுக்கு எப்பிடிச் சல்லி கேக்கிற?"

"அப்ப இறக்காமத்தாரிட்ட என்னெண்டு போய்க் கதைக்கிற? என்னால ஏலா."

"நான் போறன்."

மாவடிப்பள்ளி வழியாக அம்பாறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். டீசல் தட்டுப்பாட்டில் அன்று ஓடியது அந்த ஒரு பஸ்தான். படியில்கூட ஆள் நின்றது. இறங்கி இறக்காமத்துக்கு ஒரு ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரன் மூன்று மடங்கு கேட்டான். பெற்றோல் வரிசையில் ஐந்து மணித்தியாலம் நின்றதாகச் சொன்னான். அவள் பேரம் பேசவில்லை.

பதினைந்து பேரும் உதுமாலெவ்வையின் வளவில் காத்திருந்தார்கள். உதுமாலெவ்வை எட்டு ஏக்கர் செய்பவர். அவரும் மனைவி சல்ஹா உம்மாவும் சோடியாக உம்றாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள். முற்றத்தில் நெல் மூடைகள் அடுக்கியிருந்தன. அடுக்கு உயரமில்லை. பசளை கிடைக்காத போகம் அது. ஏக்கருக்கு முப்பது மூடைக்கு மேல் கண்ட நிலம் பதினெட்டோடு நின்றுவிட்டது.

நதீரா ஒளிக்காமல் சொன்னாள். றியால் ஐம்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்துக்கு வந்துவிட்டது, முழு விலை இப்போது மூன்று லட்சத்து இருபதாயிரம் என்றாள். வளவு இரைந்தது.

சல்ஹா உம்மாதான் முதலில் எழும்பினாள். "முதல்ல ஒரு விலை, மறுகா ஒரு விலை. முடிவு விலை எண்டு சொன்னது உங்கட ஹாஜியார்தானே? நாங்க வெள்ளாம செய்ற ஆக்கள் எண்டு ஏமாத்தப் பாக்கீங்களா, புள்ள?"

"ராத்தா, ஏமாத்துறதெண்டா நான் இவ்வளவு தூரம் வந்திரிக்க மாட்டன், போன்ல சொல்லிரிப்பன். கொஞ்சம் கேளுங்க. நீங்க ஆளுக்குத் தந்த அம்பதாயிரத்த நான் அப்பவே றியாலாக்கி அனுப்பிட்டன். தொள்ளாயிரம் றியால். அதுட விலை இண்டைக்கு அறுபத்தேழாயிரத்து ஐநூறு. அது உங்கடதான். அதுல ஒருத்தரும் கை வைக்கல்ல."

இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. உதுமாலெவ்வை கேட்டார்: "அப்ப இன்னும் எவ்வளவு வேணும், மகள்?"

"ஆளுக்கு மூவாயிரத்து நூறு றியால். அலுவலகச் சல்லியும் சேத்து, உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு லட்சத்து அஞ்சாயிரம். முதல்ல மூணு லட்சத்து எண்பதாயிரமா இரிந்தது." அவள் முற்றத்து மூடைகளைப் பார்த்தாள். "காக்கா, டிசம்பர்ல மூடை என்ன விலை?"

"நாலாயிரம்."

"இண்டைக்கு?"

"அஞ்சாயிரத்து நானூறுக்கு நேத்து ஒருத்தன் கேட்டான். நான் குடுக்கல்ல."

"அப்ப ரூபாய விடுங்க. மூடையில பாருங்க. டிசம்பர்ல மூணு எண்பதுக்கு எத்தின மூடை விக்கணும்?"

உதுமாலெவ்வை விரலில் எண்ணவில்லை. நெல் விலை அவருக்கு மனக்கணக்கு. "தொண்ணூத்தஞ்சு."

"இண்டைக்கு அஞ்சு லட்சத்து அஞ்சுக்கு?"

இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "தொண்ணூத்தி நாலு" என்றார். பிறகு, தான் சொன்னதைத் தானே நம்பாதவர் போல மனைவியைப் பார்த்தார். "ஒரு மூடை குறையுதுகா."

"ரூபாய்தான் கீழ போயிட்டு, காக்கா" என்றாள் நதீரா. "றியால் அங்கயே நிக்கிது. உங்கட நெல்லும் கிட்டத்தட்ட அங்கயே நிக்கிது. நெல்லா வச்சிரிந்தா நட்டமில்ல. வித்து ரூபாயாக்கி வீட்டுல வச்சாத்தான் நட்டம்."

சல்ஹா உம்மா இன்னும் உட்காரவில்லை. "சரி, நெல்லு எங்கடது. நாங்க விக்கிறம். ஹாஜியார்ர பங்கு என்ன? முடிவு விலை எண்டு சொன்ன வாய்க்கு ஒரு பெறுமதியும் இல்லையா?"

கேள்வி சரியானது என்று நதீராவுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியைத் திறந்துவைத்து ஹாஜியாரை அழைத்தாள். ஸலாம் சொல்லிவிட்டு, சல்ஹா உம்மா கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொன்னாள்.

"ஆளுக்கு இருபதாயிரம் எடுக்காத, புள்ள. பத்து மட்டும் எடு" என்றார் ஹாஜியார். "அந்த உம்மாக்கிட்ட சொல்லு, அவ கேட்டது சரி."

சல்ஹா உம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தாள். "அப்ப தொண்ணூறு மூடை. அம்பதுக்கு மேல மிஞ்சும். வீட்டுக்கு இருபது, மெசின்காரனுக்கும் அடுத்த விதப்புக்கும் முப்பது. போவம்" என்று கணவனிடம் சொன்னாள், கணவன் இன்னும் கேட்காத கேள்விக்கு.

எல்லோருக்கும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பேருடைய விளைச்சல் வீட்டுச் சாப்பாட்டுக்கே காணாது. அவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஹாஜியார் ஐம்பதாயிரம், ஐம்பதாயிரமாக இரண்டு கடித உறை போட்டு வைத்தபோது நதீரா மறித்தாள்.

"அவங்கட தொள்ளாயிரம் றியால் மக்காவுல இரிக்கி, ஹாஜியார். அத மத்தவங்களுக்குச் சேத்து எடுக்கப் போறம். இண்டைக்கு அத வங்கியில வாங்கினா எவ்வளவு?"

"எழுபத்தஞ்சுப்படி."

"அப்ப அதக் குடுப்பம்."

ஹாஜியார் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உறைகளைப் பிரித்து இன்னும் பதினேழாயிரத்து ஐநூறு வைத்தார். அதைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர், கூடுதலாக இருக்கிறதே, பிழையாகத் தந்துவிட்டார்கள் என்று அம்பாறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவருக்கும் நதீரா இருத்தி விளங்கப்படுத்தினாள்.

மிச்சம் பதின்மூன்று பேர். இனிச் சிக்கல் வங்கியில் இருந்தது. விதுஷா வெளிப்படையாகச் சொன்னாள்: "அக்கா, உங்கட கடதாசி எல்லாம் சரி. ஆனா விக்கிறதுக்கு எங்ககிட்ட றியால் இல்ல. கொழும்பில இருந்து விடுற அண்டைக்குத்தான் தரலாம். விட்டா ரெண்டு மூணு பேருட காசுக்குத்தான் காணும்."

"எப்ப விடுவாங்க எண்டு முதல் நாளே தெரியுமா?"

"பின்னேரம் தெரியும்."

"அப்ப அந்தப் பின்னேரம் எனக்கு ஒரு கோல் எடுங்க. அது போதும்."

நதீராவின் ஏற்பாடு இதுதான்: விதுஷா அழைத்தால் இறக்காமத்துக்கு அழைப்பது, மறுநாள் காலையில் நெல் விற்பது, நண்பகலுக்குள் அந்தப் பணம் வங்கிக்கு வருவது, அன்றே றியாலாகி மக்காவுக்குப் போவது. வங்கி றியால் தரும் வரைக்கும் நெல் நெல்லாகவே இருக்கட்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தாள்.

ஆனால் இறக்காமத்தில் நெல்லை வீட்டில் வைத்திருப்பது இலேசான காரியமில்லை. இரண்டாம் நாளே ஒரு வீட்டின் பின்சுவரை யானை தள்ளிவிட்டு நான்கு மூடையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. சல்ஹா உம்மா தொலைபேசியில் கத்தினாள். "றியால் வருமுன்ன ஆன தின்றுரும் போல இரிக்கி, புள்ள! நாளைக்கே விக்கப் போறம்."

நதீரா மறுபடியும் ஹாஜியாரின் அறைக்குப் போனாள். சம்மாந்துறையில் அவருடைய தம்பியின் களஞ்சியம் ஒன்று சும்மா கிடப்பது அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை ஹாஜியார் தாடியைத் தடவவில்லை. தம்பியோடு கதைத்துத் திறப்பை வாங்கினார். இரண்டு உழவு இயந்திரத்துக்கு டீசலும் அவரே தேடிக்கொடுத்தார். எங்கே தேடினார் என்று நதீரா கேட்கவில்லை. பதின்மூன்று பேருடைய மூடைகளும் பெயர் எழுதிச் சம்மாந்துறைக்கு வந்து சேர்ந்தன. நெல் ஆலைகளுக்குப் பக்கம் என்பதால் விற்பதும் சுலபமாயிற்று.

ஐந்து தடவையில் வேலை முடிந்தது. முதல் தடவை றியால் எழுபத்தைந்து. கடைசித் தடவை எண்பத்தேழு. இடையில் ஒரு நாள், நெல் வாங்குபவனின் லொறி எண்ணெய் இல்லாமல் வராமல் போய், வங்கி தந்த நாள் தவறியது. அடுத்த வாரம் றியால் மூன்று ரூபாய் ஏறியிருந்தது. நெல்லும் ஏறியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு மூடை வித்தியாசம். கடைசித் தொகை போன அன்று உதுமாலெவ்வையும் வங்கிக்கு வந்திருந்தார். விதுஷா தந்த பற்றுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதில் றியாலில் எழுதியிருந்த தொகையை மட்டும் வாய்விட்டு வாசித்தார். ரூபாயில் எழுதியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

மே மாதம் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. ஊரடங்குச் சட்டம் வேறு. பயணச்சீட்டுகளையும் கடவுச்சீட்டுகளையும் சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாகக் காட்டி, இருபத்துநான்கு பேரோடு பஸ் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாஜியார் அவர்களோடு போனார். நதீரா அலுவலகத்தில் இருந்து ஒவ்வொரு சாவடியாகத் தொலைபேசியில் பின்தொடர்ந்தாள். விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் மேசையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு மின்சாரம் நிற்பதற்கு முன் மிச்ச வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மக்காவிலிருந்து சல்ஹா உம்மாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. "புள்ள, அல்ஹம்துலில்லாஹ், வந்து சேந்திட்டம். றூமில இருந்து ஹறம் கிட்ட எண்டு சொன்னீங்க. கிட்டயில்ல, நல்ல தூரம். இவருட முழங்கால் வலிக்குதாம். அத ஹாஜியாருக்கிட்டயும் சொல்லிட்டன். உங்களுக்கும் உங்கட மாப்பிளைக்கும் துஆ கேட்டிரிக்கன்."

நதீரா அதை இரண்டு தடவை கேட்டாள். அடுத்த குழுவுக்கு ஹறம் பள்ளிவாசலுக்குக் கிட்டிய ஹோட்டலாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தாள்.

இப்போது அந்த அலுவலகத்தில் எந்தப் பயணத்துக்கும் விலை றியாலில்தான் சொல்கிறார்கள். அனுப்பும் அன்றைய விலைக்கு ரூபாயில் கட்டலாம். தொடக்கத்தில் சனம் பயந்தது; பிறகு பழகிவிட்டது. காசு இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, தங்கள் பெயரில் றியாலைச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். ஹாஜியார் காலையில் படியேறி வரும்போதே, "இண்டைக்கு விக்கிற விலை என்ன, புள்ள?" என்றுதான் வருகிறார்.

எல்லோரும் நன்றி சொல்வதில்லை. 2023இல் ரூபாய் திரும்பவும் தலை தூக்கியது. தொண்ணூற்றேழுக்கு றியால் வாங்கி அனுப்பிய மருதமுனை வியாபாரி ஒருவர், அது எண்பத்தைந்துக்கு இறங்கியதும் படியேறி வந்து சத்தம் போட்டார். "இறங்கும் எண்டு நீங்க சொல்லயில்லையே! உங்களுக்கு இதெல்லாம் தெரியும் எண்டுதானே ஊரெல்லாம் கதைக்கிது?"

"ஏறும், இறங்கும் எண்டு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, காக்கா" என்றாள் நதீரா, எழும்பாமலே. "அது எனக்குத் தெரியா. தெரிஞ்சவன் ஒருத்தனும் இந்த வீதியில இல்ல. உங்கட பயணத்துக்கு நாலாயிரம் றியால் வேணும் எண்டு சொன்னன், நாலாயிரம் அங்க போய்ச் சேந்திரிக்கி. இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் தேநீர் குடித்தார். அடுத்த வருடம் மனைவியின் பயணத்துக்கும் அவளிடமேதான் வந்தார்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம், றிஸ்மி விடுமுறையில் வந்திருந்தபோது, அலுவலகத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் ஒரு இளம் சோடி படியேறி வந்தது. பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ராத்தா, றியால் இன்னும் இறங்கும் எண்டு சொல்றாங்க. கொஞ்ச நாள் பொறுக்கவா?"

நதீரா நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எப்ப போகப் போறீங்க? அத முதல்ல சொல்லுங்க."